காயாத துண்டு

மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ, மாப்பிள்ளை, பெண்கள் இருவரும் சுகமா? உன் தோள்வலிக்கு ஏதாவது வழி பிறந்ததா, இல்லை அந்த பிஸ்கட் கம்பெனியில் இன்னும் நிற்க வைத்தே அட்டைப்பெட்டி அடுக்கச் சொல்கிறார்களா?

பையனைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

இருபத்தொரு வயதுக்கு மேல் அவனை அந்தச் சிறப்புப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். படிப்பு முடிந்த பிள்ளைகள் நாலு பேரைப் பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு வீட்டில் தங்கவைத்து, தனியாக வாழப் பழக்குகிறார்கள். பயிற்சி வீடு என்று சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் தேறினால் அதே தெருவில் தனி அறை, சொந்தச் சமையல்; காலையும் மாலையும் ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பார். தேறாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த இடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். எனக்குப் பிறகு இவன் எங்கே போவான் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போனவள் நான். என் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பதில் இதுதான்.

பகலில் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மடிக்க வேண்டும். மடிக்கத்தான் இவனுக்குப் பிடிக்குமே. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்கிறார், முன்பு ஓட்டலில் சப்ளையராக இருந்தாராம். பெரிய மீசை. பிள்ளைகள் அவரை மீசை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. நாலு பிள்ளைகளின் வீடுகளில் என் வீடுதான் பக்கம் என்பதால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சாவியை என்னிடம் கொடுத்துவைத்திருக்கிறார்.

பார்க்கப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அம்மா, நீங்க ஒரு வேலைய செஞ்சு குடுத்தா, அவன் கத்துக்கறதுல ஒண்ணு குறைஞ்சு போச்சுன்னு வச்சுக்கோங்க. கைய கட்டிக்கிட்டு உக்காருங்க."

கிளம்பும்போது அவன் என்னைப் பார்த்து, "சாப்டியா? மாத்திரை போட்டியா? சீக்கிரம் தூங்கு" என்றான். எல்லாம் நான் தினமும் அவனிடம் சொல்கிறவை. பஸ் ஸ்டாப் வரைக்கும் தாங்கினேன்.

இனிமேலாவது போனில் பேசலாமே என்று கேட்பாய். உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் போனில் சொன்னதை, அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "சித்தப்பா கஞ்சன், கைய விட்டு காசு நகராது" என்று இவன் ஒப்பித்தானே, அன்றைக்கு விட்டதுதான் போன் பேச்சு. இப்போது ஒட்டுக்கேட்க ஆள் இல்லை. ஆனால் உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். கடிதமே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தோள்வலியும் சுகமாக இருக்கிறது, என்னை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை.

கேட்டதையெல்லாம் ஒப்பிக்கிற நம் ரேடியோ, உன் பையன், இல்லாமல் உன் வீடு எப்படி இருக்கிறதோ. என் பெண்கள் விடுதிக்குப் போனபோது ஒரு வாரம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தேன். மிஞ்சியதை இவர் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். பிறகு பழகிவிட்டது. இப்போது அவர்கள் போன் பண்ணினால்தான் "என்னடி விஷயம்?" என்று பயமாக இருக்கிறது. உனக்கும் பழகும். ஆனால் உன்னுடைய வருஷங்கள் வேறு, என்னுடையவை வேறு. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

கொஞ்சம் தூங்கு. முழங்காலை யாரிடமாவது காட்டு. கண்ணாடிக் கடையில் உனக்கு அரைநாள் வேலைதானே? அவன் பள்ளியிலிருந்து வருவானே என்று ஓடி ஓடி வந்தவள், இப்போது மத்தியானமெல்லாம் என்ன செய்கிறாய்? எழுது.

தங்கை


ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்துப் பல நாளாகிறது. கடையில் கணக்கெடுப்பு, அதனால் தாமதம்.

பையன் பரவாயில்லை. சுவரில் படம் படமாக ஒட்டியிருக்கிறார்கள்: எழுந்திரு, பல் தேய், துணி ஊறவை, துவை, காயப்போடு, மடி. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு மர வில்லையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். டப்பா நிறைந்தால் அன்றைய பாடு முடிந்தது. அவனுடைய அலமாரி கண்ணாடி மாதிரி இருக்கிறது. சட்டைகள் ஓரம் பிசகாமல் அடுக்கியிருக்கின்றன. மற்றவர்களின் அலமாரியைத் திறந்தால் உள்ளே பன்றிக்குட்டி இருந்தாலும் தெரியாது.

வீட்டில்தான் குறை. வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொடியில் போட்ட துண்டு புதன்கிழமை மத்தியானமும் சொதசொதவென்று கிடக்கிறது. சட்டையும் அப்படித்தான். ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு போனால் சளி பிடிக்காதா? மீசையிடம் சொல்லலாம் என்றால், குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவன் தலையணைக்கு அடியில் என்னுடைய பழைய கைக்குட்டை ஒன்று இருக்கிறது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அலுப்பாக இருக்கிறது, படுக்கப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இரண்டு தடவை உன் கடிதத்தைப் படித்தேன். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியவள் நீ. செவ்வாய்க்கிழமை துண்டும் புதன்கிழமை துண்டும் உனக்கு எப்படித் தெரியும்? மற்ற பையன்களின் அலமாரியை யார் திறந்தது? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நீ அவன் தலையணையைத் தூக்கிப் பார்த்தாயா?

நான் உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். என்னிடம் பூசி மெழுகாதே. அந்தச் சாவியை எங்கே வைத்திருக்கிறாய்?

கோபத்தில் கேட்கவில்லை.

தங்கை


மே 30

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. வேலை முடிந்து வந்த கையோடு எழுதியது. உடம்பு வலிக்கும்போது என் கடிதத்திலும் முள் முளைத்துவிடுகிறது.

உனக்கு உடம்பு சரியில்லையா? ரேடியோவுக்கு ஏதாவதா? திட்டியாவது எழுது. கண்ணாடிக் கடைக்குப் போன் பண்ணலாமா என்று இவர் கேட்கிறார். அவரே கேட்கிறார் என்றால் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பையனும் சுகம். எழுதாததற்குக் காரணம் நீ நினைப்பதுதான்.

ஆமாம், போகிறேன். தினமும் போகிறேன். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு மீசையும் அவர்கள் வேலை செய்யும் இடங்களைப் பார்க்க, சாமான் வாங்க என்று கிளம்பிவிடுவார். கடை முடிந்ததும் நான் பஸ் ஏறுவேன். முதல் நாள் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனேன், சத்தியமாக. கொடியில் அவன் சட்டை தொங்கியது. கழுத்துப்பட்டையில் அழுக்கு அப்படியே இருந்தது. ஊருக்கே விரிப்பு மடிக்கிறவன் அந்தச் சட்டையோடு போவானே என்று மனசு கேட்கவில்லை. துவைத்துப் போட்டேன். மறுநாள் தட்டைக் கழுவினேன். அதற்கு மறுநாள் அலமாரி. அப்புறம் தினமும் எல்லாமும். இத்தனை வருஷம் வேலை பார்த்த கையைத் திடீரென்று கட்டிக்கொண்டு உட்கார் என்றால் அது எங்கே உட்காரும்?

சொல்லாமல் இருந்ததற்கு என்னைத் திட்டு. ஆனால் அதைவிடப் பெரிய வினை இப்போது வந்திருக்கிறது.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "நாலு பேர்ல உங்க பையன்தாம்மா முதல்ல. ஆறு மாசமே வேண்டாம். ஆகஸ்டுலயே தனி அறைக்கு அனுப்பிடலாம்" என்றாள். தேறியது அவன் இல்லை, நான்! துவைத்தது, கழுவியது, மடித்தது எல்லாம் இந்தக் கை. அதை நம்பி அவனைத் தனியாக விடப் போகிறார்கள். அங்கே கேஸ் அடுப்பு இருக்கிறது. என் வீட்டில் அவனை அடுப்புப் பக்கமே நான் விட்டதில்லை.

சொன்னால் அவன் இடம் போய்விடும், என் காலத்துக்குப் பிறகு அவன் தெருவில் நிற்பான். சொல்லாவிட்டால் தீயில் கை வைப்பான். உன் பெண்களுக்குச் சூடுபட்டால் உனக்குப் போன் பண்ணி அழுவார்கள். இவனுக்குச் சூடுபட்டால் யாரோ எப்போதோ சொன்ன வாக்கியம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு நிற்பான். உனக்கு இது புரியாது. புரியாமலே இருக்கட்டும், அதுவும் ஒரு கொடுப்பினைதான்.

எனக்கு அலுத்துவிட்டது. பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குப் புரியாது என்று எழுதியிருந்தாய். முழுக்கப் புரியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

போய்ச் சொல்லிவிடு. பாஸ் ஆனது அவனா, நீயா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இடம் போனால் போகட்டும், மறுபடி காத்திருக்கலாம். என்னோடும் கொஞ்ச நாள் இருக்கட்டும். இவரைப் பார்த்து தினமும் கஞ்சன் என்று சொல்லட்டும், இந்த வீட்டில் அதைச் சொல்ல எனக்கும் ஒரு துணை வேண்டும்தான். ஆனால் ஒரு தீக்காயம் பட்டுவிட்டால் அதை நீ எந்தக் கையால் துடைப்பாய்?

டீச்சரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் முதலில் மீசையிடம் சொல். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தாதே. உன்னை எனக்குத் தெரியும்.

பெண்கள் பெரியம்மாவைக் கேட்டார்கள். சாப்பிடு.

தங்கை


ஜூலை 12

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அலைந்தேன். கடத்தினேன் என்றே வைத்துக்கொள். போன சனிக்கிழமை காலையில் போனேன். பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். மீசை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "வாங்கம்மா, நானே உங்கள கூப்பிடணும்னு இருந்தேன். உங்க பையனால சோப்புக் கடைக்காரன் மாடி வீடு கட்டிருவான் போலிருக்கு."

"ஏங்க?"

"கொடியில காஞ்சு கெடக்கற துணிய எடுத்து மறுபடி ஊற வைக்கறாம்மா. பளபளன்னு இருக்கற தட்ட எடுத்துத் தேய்க்கறான். அலமாரியில மடிச்சு வச்சத அத்தனையும் பிரிச்சுப் போட்டு திரும்ப மடிக்கறான். சாயங்காலம் வந்தா இதே வேலதான். ஏண்டா தம்பி, சுத்தமாத்தானே இருக்குன்னா, 'இன்னும் துவைக்கல, இன்னும் துவைக்கல'ங்கறான். டப்பாவுல வில்லை விழணும்ல, அதான். மத்த மூணு பேரும் ஓடி ஒளியற வேலைய இவன் தேடித் தேடிச் செய்யறான். நானும் மார்ச்லேருந்து பாக்கறேன், ஒரு நாள் தவறினதில்ல."

பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். துண்டு ஏன் காயவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டுக்கு வெயில் நன்றாகவே வருகிறது. நான் மத்தியானம் துவைத்துப் போட்டதை அவன் சாயங்காலம் எடுத்து ஊறவைத்து, காலையில் பிழிந்து போட்டிருக்கிறான். நான் மறுநாள் வந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்த வீட்டைத் திட்டியிருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. வெட்கமாக இருந்தது. முழங்கால் வலியோடு பஸ் ஏறி இறங்கி, யார் கண்ணிலும் படாமல் திருடி மாதிரி நுழைந்து, நான் செய்த வேலை ஒன்றுகூட அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

சாவியை எடுத்து வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சாவியைப் பார்த்தார். சோப்புத்தூள் அரித்துத் தோல் உரிந்திருக்கும் என் கையைப் பார்த்தார். இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"சரிம்மா. இனிமே சோப்பு மிஞ்சும்" என்றார். அவ்வளவுதான்.

டீச்சரிடமும் அவரே சொல்லியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அவள் கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து, "ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். திட்டவில்லை. இடம் போகாது, அவன் மார்க் அவனுடையதுதான் என்றாள். அடுப்பை மட்டும் பள்ளிச் சமையலறையில் தனியாகப் பழக்கப் போகிறார்களாம். நான் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று கையெழுத்து வாங்காத குறை.

உன் தோளுக்கு ஒத்தடம் கொடு. வேறென்ன எழுத? மத்தியானம் ரொம்ப நீளமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

சோப்புக் கதையைப் படித்துவிட்டு மதிய இடைவேளையில் அப்படிச் சிரித்தேன், பக்கத்து மேஜைக்காரி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன், பாதியில் அழுதுவிட்டேன். பிறகு அவளும் அழுதாள். அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறானாம், இத்தனை நாள் சொன்னதில்லை.

சாவி போனதில் உனக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரிகிறது. ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, வா என்று மட்டும் கூப்பிடத் தெரிகிறது. இங்கே வந்து ஒரு மாதம் படுத்துத் தூங்கு. கஞ்சர் தானே டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். மனசு மாறுவதற்குள் சரி என்று எழுது.

ரேடியோ புது அறைக்குப் போன சேதியை எழுதாமல் இருந்துவிடாதே.

தங்கை


செப்டம்பர் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? பெண்களுக்குப் பரீட்சை முடிந்ததா? மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். இந்த மாதக் கடைசியில் வருகிறேன், டிக்கெட் எடுக்கச் சொல். படுக்க ஓர் இடம் போதும், பேசக்கூட வேண்டாம்.

பையன் ஆகஸ்ட் நடுவில் புது அறைக்குப் போய்விட்டான். மாடியில் ஓர் அறை, சின்னச் சமையலறை, வாசல் கதவு. மீசை காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கையைக் கட்டிக்கொண்டுதான்.

நேற்று புதன்கிழமை. மழைக்குக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றேன், வந்த பஸ்ஸில் ஏறினேன், அது அந்தத் தெருவுக்குப் போகிற பஸ். புது அறைக்குப் போனதிலிருந்து லாண்டரியில் புதன்கிழமை அவனுக்கு ஓய்வு நாள், அது எனக்குத் தெரியாதது இல்லை. உன்னிடம் எதற்கு நடிக்க வேண்டும்? போக வேண்டும் என்றுதான் போனேன்.

படியேறிக் கதவருகே நின்றேன். உள்ளே முட்டை பொரிகிற சத்தம் கேட்டது. இடித்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பை அணைக்கத் தோன்றியது. சாவி இல்லை. கதவைத் தட்டினேன்.

சத்தம் நின்றது. உள்ளே அவன் குரல், டீச்சர் சொல்கிற மாதிரியே: "முதல்ல அடுப்ப மூடு. அப்புறம் சிலிண்டர மூடு. அப்புறம் கைய துடை." ஒவ்வொன்றுக்கும் இடையில் அதைச் செய்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம்தான் கதவுப் பக்கம் வந்தான். திறக்கவில்லை.

"யாரு?"

"அம்மாடா."

"அம்மா ஞாயித்துக்கிழமை."

"ஆமா. இன்னிக்குச் சும்மா வந்தேன். கதவத் திற."

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்று மூச்சு விடுவது கேட்டது. பிறகு சொன்னான்: "அம்மா வீட்ல இல்ல. அப்புறம் வாங்க."

அது என் வாக்கியம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் பால் வாங்கக் கீழே இறங்கிவிட்டு வருகிற நேரத்தில் யாராவது வந்து தட்டினால் சொல்வதற்காக, நூறு தடவை சொல்லிச் சொல்லி அவன் வாயில் ஏற்றியது. நல்ல பிள்ளையாக, கதவைத் திறக்காமல், அதை எனக்கே சொன்னான்.

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே வரவிடவில்லை. பயம் போய்விட்டது என்று அழுதேனா, நான் போய்விட்டேன் என்று அழுதேனா, உன்னிடம்கூடச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்துபோகிற யாரோ ஒருத்தி மாதிரி கேட்டேன்.

"சரி தம்பி. அம்மா வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்றியா?"

"சொல்றேன்" என்றான். நான் படியிறங்கும்போது மறுபடி அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது.

அக்கா